முயலுக்கும் கல்லுக்கும் நடுவே

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்பு அட்டை கிடக்கிறது. குறையுள்ள பொருளில் நூல் கட்டித் தொங்கவிடுவோமே, அந்த ரிஜெக்ட் அட்டை. அதன் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் வரைந்த ஒரு முயல். அதன் முன்னால் வரிசையாகச் சில கற்கள். முயல் பார்க்கப் பன்றிக்குட்டி போலத்தான் இருக்கும். வரைந்தவர் எங்கள் லைன் லீடர்.

அப்போது ஓசூரில், வண்டி விளக்குகளைப் பொருத்தித் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் இன்ஜினியர். பாகங்களை ட்ரேயில் ஆபரேட்டர்களிடம் கொண்டுவரும் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினேன். ஒரு ட்ரேக்கும் அடுத்த ட்ரேக்கும் நடுவே சராசரியாக எத்தனை வினாடி கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, போதும் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஆனால் லைன் அடிக்கடி நின்றது. நிறுத்தியவர் லைன் லீடர். காவேரிப்பட்டினத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர், ஏறக்குறைய என் வயது. ஏன் நிறுத்துகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல், ‘லைன் லீடரின் கவனக்குறைவு’ என்று எழுதி ஒரு காலையில் மேலாளருக்கு அனுப்பிவிட்டேன். படித்தவன் என்ற திமிர், வேறென்ன.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் லைன் கம்ப்யூட்டரைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது. பிரவுசரில் ஒரு சின்ன விளையாட்டு. முயல் தானாக ஓடும், எதிரே கல் வரும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தாண்டும். அவ்வளவுதான். ஓர் ஆபரேட்டர் பெண் ஆட, லைன் லீடர் திரைமேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

“என்னங்க, முயலுக்கு இன்ஸ்பெக்‌ஷனா?” என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“பாருங்க சார், ஓட்டம் எவ்ளோ வேகமானாலும் முயல் எகிறி எறங்குற நேரம் மாறல. நம்ம புள்ளைங்க கையும் அப்பிடித்தானே? கல்லு கிட்டயும் வருது, தள்ளியும் வருது. ஆனா எறங்கி மறுபடி எகிற எடமில்லாம ரெண்டு கல்லு வரவே வராது. வேகம் ஏற ஏற அந்த எடமும் ஏறுது. நம்ம லைன்ல ரெண்டு ட்ரே ஒட்டிக்கிட்டு வருது சார். அப்பத்தான் நிறுத்தறேன். இல்லன்னா புள்ள அவசரத்துல ஸ்க்ரூ மெஷின்ல வெரல வுட்டுரும்.”

“ஆவரேஜ் சரியாத்தானே இருக்கு?” என்றேன்.

“இருக்கும் சார். முயலு ஆவரேஜ்லயா எகிறும்?”

பிறகு அந்த அட்டையில் வரைந்து என்னிடம் நீட்டினார். “இத மேல காட்டுங்க சார். நீங்க சொன்னா கேப்பாங்க.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. மேலாளருக்கு ஒரு போன் செய்து, தப்பு என் கணக்கில்தான் என்று சொன்னால் போதும். ஆனால் அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று அட்டையைச் சட்டைப் பையில் வைத்தேன். அடுத்த நாளும் அதையே செய்தேன். மூன்றாம் நாள் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த வாரம் பெல்ட்டில் சம தூரத்தில் மஞ்சள் கோடுகள் போடச் செய்தேன். கோட்டுக்கு ஒரு ட்ரே. வேகம் குறையவில்லை, லைனும் நிற்கவில்லை. கேன்டீனில் எல்லோரையும் நிறுத்தி, என் யோசனை என்று பாராட்டினார்கள். பேக்கிங் ஆட்களோடு நின்று அவரும் கை தட்டினார். அவர் திட்டியிருந்தால் இத்தனை நாள் நெஞ்சில் தங்கியிருக்காது.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். புதிதாக வரும் இன்ஜினியர்களுக்கு அந்த விளையாட்டைத் திறந்து காட்டி, சராசரியைப் பார்க்காதே, குறைந்த இடைவெளியைப் பார் என்று சொல்வேன். இந்தக் கணக்கை யார் கண்டுபிடித்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நேற்று அவர்களில் ஒரு பெண் கேட்டுவிட்டாள். லைன் லீடரைப் பற்றி அவளிடம் முழுவதையும் சொன்னேன்.

அவள் போனபிறகு அட்டையை எடுத்து முன்பக்கம் திருப்பினேன். ‘குறை’, ‘பொறுப்பு’ என்று இரண்டு கட்டங்கள். லைன் லீடர் இரண்டையும் காலியாகவே விட்டிருந்தார். இரண்டாவதில் என் பெயரை எழுதினேன். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.