அது ஃபாரஸ்ட் இல்லை, வுட்ஸ்

எங்கள் ஊர்த் தங்க மைன்ஸ் மூடிய அடுத்த வருஷம் நான் ஆறாம் வகுப்பு. எங்கள் இங்கிலீஷ் மிஸ், காட்டை நான்கு துண்டாக நறுக்கிக் கையில் கொடுத்திருந்தார். க்ரோவ் என்றால் தோப்பு, வுட்ஸ் என்றால் சின்னக் காடு, ஃபாரஸ்ட் என்றால் பெரிய காடு, ஜங்கிள் என்றால் உள்ளே நுழையவே முடியாதது. சாம்பியன் ரீப்ஸில் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டைச் சுற்றி இதில் ஒன்றுகூடக் கிடையாது. தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைட் மண்மேடும் முள்செடியும்தான். அதனாலேயே அந்த வார்த்தைகள் மேல் எனக்குத் தீராத ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே தைலமரங்கள் நிற்கும் பக்கம் நடந்தாள். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, பிள்ளைக்குப் பாடத்தில் மரமெல்லாம் வருகிறது, காட்டப் போகிறேன் என்றாள். நானும் அப்படியே நம்பினேன். வீட்டில் சிலிண்டர் தீர்ந்து பல நாளாகியிருந்தது. அம்மாவின் கூடைக்குள் கயிறு இருந்தது. இரண்டையும் பார்த்த பிறகும் நம்பினேன்.

அவள் சுள்ளி பொறுக்கினாள். நான் மரங்களுக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிப்பார்த்தேன். மூச்சு வாங்குவதற்குள் மரம் முடிந்துவிட்டதால் வுட்ஸ்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். நடுவில் ஒரு கன்னடப் பலகை நின்றது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. என் பாடம் இங்கிலீஷில் அல்லவா இருந்தது.

அம்மா சுள்ளிக்கட்டைத் தலையில் ஏற்றியபோது காக்கிச் சட்டை போட்ட ஃபாரஸ்ட் கார்டு வந்து நின்றார். ஃபாரஸ்ட்டில் விறகு எடுக்கிறாயா, நட ஆபீசுக்கு என்று அதட்டினார். அம்மா தலைச்சுமையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சார், இது ஃபாரஸ்ட் இல்ல, வுட்ஸ். ஃபாரஸ்ட்னா பெருசா இருக்கணும்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்துவிட்டார். எந்த ஸ்கூல் என்று விசாரித்தார். அப்பாவுக்கு எங்கே வேலை என்று கேட்டார். மைன்ஸ் ஷாஃப்ட்டில் இருந்தார், இப்போது வீட்டில் இருக்கிறார் என்றேன். அவர் சிரிப்பு நின்றுபோயிற்று. அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“இங்கிலீஷ் மீடியம் படிக்கிற புள்ளய வெச்சிக்கினு... பாவம். எத்துக்கினு போங்கம்மா, நான் பாக்கல.”

நான் ஜெயித்துவிட்டேன். அம்மாவோ கட்டை இறக்கி மெதுவாகத் தரையில் வைத்தாள். “வேணா சார்” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், பிடி வலித்தது. வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நட ஆபீசுக்கு என்று அதட்டியபோதுகூடத் தலையை விட்டு இறக்காத கட்டை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்ன பிறகு யாராவது போட்டுவிட்டு வருவார்களா?