டிற்றோயிற்றுக்குப் போகும் வழியில் ஒரு தேத்தண்ணி

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மொன்றியலில் பஸ் ஏறினேன். ரொறன்ரோவுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர், கிட்டத்தட்ட ஏழு மணித்தியாலம். என் கணக்கில் அது பயணமே இல்லை. தொண்டையைச் செருமிக்கொள்வது மாதிரி. ரொறன்ரோவில் ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு, புதன் காலை கூட்டாளி குகனின் காரில் ஏறிய பிறகுதான் பயணம். டிற்றோயிற், கிளீவ்லண்ட், சிக்காகோ என்று மூன்று நகரத்திலும் பேஸ்போல் மைதானம் பார்ப்பதாகத் திட்டம்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது எங்கள் ஊர் எல்லே விளையாட்டுதான். பந்தைத் தடியால் அடித்துவிட்டு, மூலை மூலையாகச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவேண்டும். வெள்ளைக்காரன் அதற்குத் தொப்பியும் சம்பளமும் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிரியும்போது இரண்டு தரப்பிலும் ஒருவரும் அழவில்லை. அங்கே நான் பாஸ் பண்ணிய ஒரே பாடம் எல்லே. குகன் பந்து போடுவான், நான் அடிப்பேன். மைதானத்தில் நாங்கள் ஒரே கட்சி. மைதானத்துக்கு வெளியே அவன் வீட்டுப் படலையைத் தாண்டி நான் போனது கிடையாது. அதற்குக் காரணம் நாயில்லை.

கனடாவுக்கு வந்து ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் ஐந்து பேர் கிடந்தோம். ஒரு பானை, ஒரு ரீவி. ஆங்கிலம் தெரியாமலே விளங்கிய ஒரே நிகழ்ச்சி பேஸ்போல். "கனடா பாஸ்போட் கிடைச்ச உடன அமெரிக்காவில மச் பாக்கப் போறம்" என்று குகன் அந்தப் பானையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். பிறகு நான் மொன்றியலுக்குக் கோப்பை கழுவப் போனேன். அங்கத்தைய அணியையே என் அணியாக்கிக் கொண்டேன். தோற்கிற கட்சிக்குக் கொடி பிடிப்பது எனக்குப் பிறவிக் குணம். இந்தத் தொண்ணூற்றேழாம் வருடம்தான் முதல்முறையாக, வேறு வேறு லீக்கில் ஆடுகிற மொன்றியலும் ரொறன்ரோவும் மோதுகின்றன. இந்த வருடம்தான் என் பாஸ்போட்டும் வந்தது. இரண்டையும் பார்த்தபோது கடவுள் என் விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

மூன்றேகாலுக்கு பஸ் நிலையத்தில் இறங்கினேன். தலையில் மொன்றியல் தொப்பி, முதுகில் பை. குகன் கோடு போட்ட சேட்டை ஸ்திரி பண்ணிப் போட்டுக்கொண்டு நின்றான். மச் பார்க்கிறவன் ஸ்திரி பண்ணமாட்டான். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கார் அவனுடைய அப்பார்ட்மென்ற் பக்கம் போகவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே ஓடியது.

"எங்கையடா போறம்?"

"மில்லிக்கன். ஒரு வீட்டில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்."

"அரை மணித்தியாலம் ஓடித் தேத்தண்ணி குடிக்கிறதோ? ஆர் ஊத்துறது, பொம்பிளையோ?"

அவன் சிரிக்கவில்லை.

"ஓம் மச்சான், பொம்பிளைதான். மூண்டு சம்மந்தம் குழம்பிப்போச்சு. ஒரே கேள்விதான். உமக்கு இஞ்சை ஆர் இருக்கினம்? ஒருத்தருமில்லை எண்டா ஆர் பொம்பிளை தருவினம்? அதுதான் நீ என்ர பெரியம்மான்ர மகன் எண்டு சொல்லிப்போட்டன்."

"உனக்குப் பெரியம்மாவே இல்லையேடா."

"இப்ப இருக்கிறா."

"அப்ப அம்மாவின்ர பேரையாவது சொல்லித் துலை. என்னைப் பெத்தவள் எல்லே."

மில்லிக்கன் வீடுகளை ஒரே அச்சில் வார்த்துவிட்டிருந்தார்கள். வீட்டைவிட கராஜ் முந்திக்கொண்டு நிற்கிறது. கார் வசிக்கிற வீட்டில் மனிதர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள் போல. கதவைத் திறந்த பெண்தான் மணப்பெண். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் என்று குகன் சொல்லியிருந்தான். என் தொப்பியைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள்.

"ஓ மை கோட், இந்தத் தொப்பியோட எங்கட வீட்டுக்கை வாறீங்களோ? ஸோ பிரேவ்!"

அந்த வீட்டில் என்னோடு உண்மையாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். தாய் வந்து அவளை உள்ளே அனுப்பினாள். நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

பெண்ணின் தாய்மாமன் சோபாவில் இருந்தார். பரம் அங்கிள் என்றார்கள். றோல்ஸ், பற்றிஸ், பிஸ்கற், தேத்தண்ணி வந்தன. வேலை பற்றி, பனி பற்றி, வீட்டு விலை பற்றிக் கதைத்தார். பிறகு பிஸ்கற்றைத் தேத்தண்ணிக்குள் தோய்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, ஊரிலை எவ்விடம்?"

ஊரைச் சொன்னேன்.

"ஓ, அங்கை எந்தக் கோயிலடி?"

இந்தக் கேள்வி பக்தி விசாரணை இல்லை. சாதி என்ற சொல்லை வாயில் வைக்காமல் சாதியைக் கேட்கிற முறை. பிள்ளையார் கோயிலடி என்றால் குகனுடைய ஆட்கள். வைரவர் கோயிலடி என்றால் நாங்கள். பிள்ளையார் எங்களுக்கும் அருள்பாலிப்பார், ஆனால் நாங்கள் தெருவில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

குகனுடைய கரண்டி கோப்பைக்குள் அப்படியே நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை, தரைவிரிப்பைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் நாலாவது சம்மந்தமும் போய்விடும். நாக்கில் வைரவர் வந்து நின்றார். விழுங்கினேன்.

"பிள்ளையார் கோயிலடி, அங்கிள்."

"அப்பிடியோ! தேர்முட்டிக்குப் பக்கத்தில ஒரு கிணறு..."

"தேர்முட்டிக்கு மேற்கால. பக்கத்தில நாவல் மரம். தேர்த் திருவிழா அண்டைக்கு அதுக்குக் கீழைதான் சர்பத் வண்டில்."

வெளிவீதி முழுக்க எனக்குத் தலைகீழ்ப் பாடம். அங்கிளுக்கு முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வியில் கோயிலுக்கு உள்ளே நுழைந்தார்.

"உள்ளுக்கை வசந்த மண்டபத்துத் தூணெல்லாம் புதுசாக் கட்டினவையாமே?"

அந்தத் தூண் கல்லா மரமா என்றுகூட எனக்குத் தெரியாது.

"அங்கிள், உண்மையைச் சொன்னா நான் உள்ளுக்கை போய்க் கும்பிட்டவன் இல்லை. திருவிழா முழுக்க வெளியில கச்சான் கடலை வித்துக்கொண்டு நிண்டனான்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சரியான பகிடிக்காரன் உங்கட அண்ணை" என்று தாய் குகனிடம் சொன்னாள். குகனும் சிரித்தான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

நான் இன்னொரு றோல்ஸ் எடுத்தேன். நல்ல உறைப்பு. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று எழுதி வைக்கிறேன். சம்மந்தம் சரிவந்தது.

செவ்வாய், கனடா தினம். காலையில் குகன் என்னைச் சுரங்க ரயில் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. மாமியார் வீட்டில் இறைச்சி சுடுகிறார்களாம், போகாவிட்டால் சரியில்லையாம். புதன்கிழமை கலியாணத் திகதி குறிக்கிறார்களாம், ஆகவே டிற்றோயிற்றும் இல்லை. நான் பரவாயில்லை என்றேன்.

"அப்ப கலியாணத்துக்கு ஒரு கிழமை முந்தி வாறன். பெரியம்மான்ர மகன் எல்லே, வேலை கிடக்கும்."

சிவப்பு விளக்கில் நின்றோம். அது பச்சையாகியும் அவன் காரை எடுக்கவில்லை.

"மச்சான், கலியாணத்துக்கு லண்டனிலையிருந்து எங்கட ஊர்ச் சனம் வருது. உன்னைத் தெரிஞ்ச ஆக்கள். அங்கிள் உன்னைக் கூப்பிட்டு அவைக்கு அறிமுகப்படுத்தினாரெண்டா..."

பின்னால் ஒருத்தன் ஹோர்ன் அடித்தான்.

"விளங்குது. காரை எடு."

"நான் உன்னை ஒருநாளும் அப்பிடி நினைச்சதில்லையடா. ஒரு பானையிலை திண்டனாங்கள்."

"நினைக்காதவன் ஏன்ரா ஒரு பெரியம்மாவைத் தேடிப் பிடிச்சனீ? கூட்டாளி எண்டு கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே."

அவன் காரை எடுத்தான். இறங்கும்போது அவனுடைய ரிக்கற்றைத் தந்தான், ஆருக்காவது கொடு என்று. பதினைந்து டொலர் ரிக்கற். மேலே, கடைசி அடுக்கு.

அந்த மைதானத்தின் கூரை பெட்டி மூடி மாதிரித் திறக்கும். அன்றைக்குத் திறந்திருந்தது. எல்லார் கையிலும் சிவப்பு வெள்ளைக் கொடி. ரிக்கற்றை ஒருவருக்கும் கொடுக்கவில்லை, பக்கத்துக் கதிரையில் என் பையை வைத்தேன். மொன்றியல் தொப்பியோடு எழும்பிக் கத்தியபோது பின்வரிசைத் தடியன் ஒருத்தன் கையை வாயில் குவித்து, "போடா மொன்றியலுக்கு!" என்று ஆங்கிலத்தில் ஊளையிட்டான். சுற்றியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். திரும்பி அவனுக்குத் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். என் தலையில் நானே எடுத்து வைத்த ஒன்றுக்காக ஏச்சு வாங்குவது எவ்வளவு சுகம் என்று அவனுக்குத் தெரியாது.

நாங்கள் வென்றோம். தடியன் போகும்போது என் தோளில் தட்டி, "நல்ல ஆட்டம்" என்றான். பக்கத்தில் சொல்லிச் சிரிக்க எனக்குப் பைதான் இருந்தது.

பின்னேர பஸ்ஸில் திரும்பினேன். மொன்றியலில் என்னோடு கோப்பை கழுவுகிறவன் ஒரு ஹெயிற்றிக்காரன். ஐந்து வருடமாகத் தினமும் என்னிடம் சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்கிறான். நாளைக்கு வேலைக்குப் போனால் ஏன் எட்டு நாள் லீவில் இரண்டே நாளில் வந்துவிட்டாய் என்று அவன்கூடக் கேட்பான். மழை என்று சொல்ல யோசித்திருக்கிறேன். பாஸ்போட் சேட்டுப் பையில் இருந்தது. ஒரு முத்திரை இல்லை, ஒரு மடிப்பு இல்லை.

ஸ்காபரோவில் ஏறிய ஒரு தமிழர் என் பக்கத்தில் வந்து இருந்தார். நரைத்த மீசை, மடியில் சாப்பாட்டுப் பார்சல். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சிநேகமாகத்தான் கேட்டார்.

"தம்பி எவ்விடம்?"

"மொன்றியல்."

"அது சரி. ஊரிலை?"

"மொன்றியல்தான் அண்ணை" என்றேன். தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, பாதி வழியில் கிங்ஸ்டன் வரும்வரை நித்திரை மாதிரி நடித்தேன். இரண்டு நாளில் நடிப்பு நன்றாகப் பழகிவிட்டது.