காற்றை நிறுத்தும் வேலை

எம் பொண்ணு காத்தாலை ஓட்டுது என்று பெருங்களத்தூர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் அப்பா. ஓட்டுகிறேனாம். காற்றாலைகள் எல்லாம் தெற்கே இருக்கின்றன. நான் சிறுசேரி கன்ட்ரோல் ரூமில், ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு, திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆடிக் காற்று பேயாக அடிக்கும்போது நான் செய்வது பெரும்பாலும் அவற்றை நிறுத்துவதுதான். இவ்வளவு மின்சாரத்தை லைன் தாங்காது, குறையுங்கள் என்று மின்வாரியத்திலிருந்து உத்தரவு வரும். நிறுத்துவேன்.

எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் ஒரு குட்டிக் காற்றாலை பொம்மை உண்டு. அது மட்டும் நிற்பதேயில்லை. உள்ளே மோட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை விருந்தினர்கள் வந்திருந்தார்கள். நாட்டின் எதிர்காலமே எங்கள் இறக்கைகளில் சுற்றுவதாக மேலாளர் முழங்கிக்கொண்டிருந்தபோது உத்தரவு வந்தது. ஒரு வரிசை முழுவதையும் நிறுத்தினேன். அங்கிருக்கும் டெக்னீஷியன் உடனே போன் செய்தார்.

"நல்ல சீசன் காத்து மேடம். இப்பப் போய் நிறுத்துறீங்களே, வயிறு எரியுது."

"எனக்கும்தான் அண்ணா" என்றேன்.

விருந்தினர்களுக்கு, ஆலைகள் ஓடிக்கொண்டிருந்த முந்தின நாள் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். அவர்களும் கைதட்டினார்கள். போகும்போது ஆளுக்கொரு வழவழப்பான புத்தகம், அட்டையில் காற்றாலை. மிஞ்சியதில் ஒன்றை என்னிடமும் திணித்தார்கள்.

நாலு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். "தெரு டிரான்ஸ்பார்மர் புகைஞ்சு கரண்ட் போயிடுச்சு. மெஷின் நின்னுபோச்சு. அப்பாவுக்கு சிலிண்டர் வெச்சிருக்கேன், அது ரொம்ப நேரம் வராது. நீ வா."

அப்பாவின் நுரையீரல் கெட்டு ஒரு வருஷமாகிறது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் புகைந்ததற்கும் நான் நிறுத்திய ஆலைகளுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட விளக்கங்களைச் சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் சம்பளம் வாங்குகிறோம்.

வழியெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டர் கடைக்காரரைப் போனில் நச்சரித்தேன். "வந்துகினே கீறேன் அக்கா. பெருங்களத்தூர் சிக்னலாண்ட மாட்டிக்கினேன், வண்டி நகரவே மாட்டேங்குது" என்றார். லீவுக்கு ஊர் போகிற கூட்டம் ஜிஎஸ்டி சாலையை அடைத்துக்கொண்டிருந்தது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்பில் இருந்தது. அப்பா கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வீட்டில் ஒரு கைவிசிறிகூடக் கிடையாது. பையிலிருந்து அந்தப் புத்தகத்தை உருவி முகத்துக்கு நேரே வீசினேன். எங்கள் கம்பெனி உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்தக் கெட்டி அட்டைதான்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். அட்டைப்படத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு எல்லாம் ஓடுதாம்மா?"

"எல்லாம் ஓடுதுப்பா" என்றேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. வாசலில் சிலிண்டர் வண்டியின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, கை வலிக்க வலிக்க வீசினேன்.

"காத்து நல்லா வருதும்மா" என்றார் அப்பா. "நிறுத்திடாத."