அப்பாவை மறித்த மஞ்சள் கயிறு

மூன்று நாள் லீவு என்று அப்பா தான் வேலை பார்க்கும் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான். நாலாம் நாள் காலையில் யாழ்ப்பாணத்தில் தன்னுடைய கதிரையில் அவர் இருப்பார். சூரியன் வேண்டுமானால் பிந்தி வரலாம். அதனால் கண்டிப் பக்கம் மடுல்கெல்லவில் மாமா வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போகிறோம் என்று பெயர்தானே தவிர, எங்களுக்குக் கிடைக்கப்போவது அதன் முதல் நாள் மட்டும். செவ்வாய் மாலை காப்புக் கட்டு, வெள்ளிக்கிழமை அம்மனுக்குத் தேர். எங்களுக்கோ புதன் காலையில் கண்டியிலிருந்து பஸ்.

எனக்கு ஒன்பது வயது. தேயிலை மலையை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். மாமாவின் வீடு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், அம்மா பிறந்து வளர்ந்த அதே வீடு. கல்யாணமாகி வடக்கே வந்த பிறகு அவள் ஒரு திருவிழாவுக்கும் அங்கே போனதில்லை. போய் இறங்கியதுமே மாமாவின் மனைவி, என் அத்தை, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து மணிக்கட்டு மறைய மறையக் கண்ணாடி வளையல்களை அடுக்கிவிட்டாள்.

மாமா தோட்டத்து லொறி ஓட்டுபவர். லொறி நின்றாலும் அவர் வாய் நிற்காது. கோயில் முற்றத்தில் டிராக்டர் பெட்டியின் மேல் தேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூங்கில், வண்ணத்தாள், பல்பு மாலை என்று அது எழும்ப எழும்ப என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழம இதுல ஆத்தா உக்காந்து வர்றதப் பாரு. கண்டி டவுனே தோத்துப் போயிரும்" என்றார் மாமா.

நான் இருக்கமாட்டேனே என்றேன். அவர் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். "காப்புக் கட்டுனவங்கள ஆத்தா விடமாட்டா. தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக்கூடாது. எங்க தொரையே வந்து கூப்புட்டாலும் அப்புடித்தான்."

அவர் சும்மா சொன்னார். நான் சும்மா கேட்கவில்லை.

அன்று மாலை மேளச் சத்தத்துக்குள் நுழைந்து வரிசையில் நின்றுவிட்டேன். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்து, "யாரு வீட்டுப் புள்ள?" என்றார். நான் கையை மட்டும் இன்னும் நீட்டினேன். அவர் என் தலைக்கு மேலாக எதையோ பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கட்டிவிட்டார். திரும்பினால் பின்னால் அம்மா. அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவளோ வளையல்களைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "வா, குளிருது" என்றாள்.

மறுநாள் காலை பையைத் தூக்கும்போதுதான் அப்பா என் கையைக் கண்டார்.

"ஆரைக் கேட்டு இதைக் கட்டினனீ? கழட்டிப்போட்டு வெளிக்கிடு, பஸ் போகப்போகுது."

மாமா உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து பணிவாக நீட்டினார். "நீங்களே வெட்டுங்க மச்சான். நாங்க ஒன்னும் சொல்லமாட்டோம். வெட்ட முந்தி ஆத்தாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க."

அப்பா கத்தரிக்கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு ஏறினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "சேர், அம்மன் மறிச்சுப்போட்டா. வெள்ளி வரைக்கும் விடமாட்டாவாம்" என்று அவர் மேலதிகாரியிடம் கத்தியது கீழே லயம் முழுக்கக் கேட்டது. இறங்கி வந்தவர், "சேர் தனக்கும் திருநீறு கொண்டுவரட்டாம்" என்று மட்டும் சொல்லிப் பையைக் கீழே வைத்தார்.

வெள்ளிக்கிழமை தேர் அசைந்து வந்தது. அப்பாவுக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். தொழிற்சாலை வளைவில் டிராக்டர் சில்லு சேற்றில் புதைந்ததும் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேரை இழுக்கப் போட்ட கயிற்றைப் பிடித்தார். "இழுங்கோ, விடாதேங்கோ" என்றார். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் "இழுங்கோ, இழுங்கோ" என்று அவரைப் போலவே ராகம் போட, தேர் சிரித்துக்கொண்டே மேடேறியது போலிருந்தது.

தேர் நிலைக்கு வந்ததும் மஞ்சள் நீர் விளையாட்டு. தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து காத்திருந்த மாமா, ஒரு வாளி முழுவதையும் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் கவிழ்த்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மிக நிதானமாக, "மற்ற வாளி எங்கை?" என்றார். அப்பா ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

என் காப்பை ஓடைக்கரையில் மாமா அவிழ்த்துவிட்டார். அம்மா பிறகு அத்தையை மட்டும் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போய் வந்தாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் எனக்கு ஒரே பெருமை. ஒரு கயிற்றால் அப்பாவையே கட்டிப்போட்டவள் நான். அம்மா வளையல்களைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மணிக்கட்டில் மஞ்சளாக மெல்லிய ஒரு வளையம் தெரிந்தது. அப்பாவும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விளையாட்டில் பட்ட மஞ்சள் என்று நினைத்தேன். ஊற்றிய மஞ்சள் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும், மூன்று நாள் கட்டியிருந்த கயிறுதான் அப்படிச் சுற்றிவர நிற்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.