மணியோசைக்கு முன் இருந்த குரல்

செத்துப்போன ஒரு மனிதரின் குரலை அழித்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2005 வாக்கில் திருவண்ணாமலையில், தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். வேங்கிக்காலிலிருந்து ஓர் அக்கா ஆட்டோவில் இரண்டு பெட்டிகளோடு வந்தார். ஒன்று அவர் கணவருடையது, மதர்போர்டு எரிந்துவிட்டது. இன்னொன்று புத்தம் புதியது. கணவர் கல்யாணப் பத்திரிகைக்கு டி.டி.பி. செய்து கொடுத்தவர். ஆறு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது அந்த வேலையை இவர் செய்கிறார்.

"பழைய டிஸ்க்க புதுசுல மாட்டிக் குடுங்க தம்பி. காலைல ஆன் பண்ணா எப்டி வருமோ அப்டியே வரணும். எதையும் மாத்திடாதீங்க."

"விண்டோஸ் 98-ங்களா? புது மிஷின்ல தகராறு பண்ணும்க்கா. புதுசே போட்டுடலாமே."

"வேணாங்க. அதேதான் வேணும்."

பத்திரிகைக்கான பழைய தமிழ் எழுத்துருக்கள் போய்விடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லாம் தெரியும் என்கிற திமிர் அந்த வயதில்.

98 நான் சொன்னபடியே தகராறு பண்ணியது. புதுப் பெட்டியில் ஒரு ஜி.பி. ராம் இருந்தது. அவ்வளவைப் பார்த்துப் பழக்கமில்லாத 98, நினைவகம் போதவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டது. ஜாஸ்தியாகக் கொடுத்தால் கம்மி என்கிறதே என்று எரிச்சலாக வந்தது. இரண்டு ராம் அட்டைகளில் ஒன்றைக் கழற்றினேன், எழுந்தது. அமைப்புக் கோப்பு ஒன்றில் ஒரு வரி சேர்த்து, இவ்வளவுக்கு மேல் எடுக்காதே என்று வரம்பு கட்டிவிட்டு, கழற்றியதைத் திரும்ப மாட்டினேன். பிறகு ஒவ்வொரு பாகமாக அதற்கு அடையாளம் காட்டினேன். சவுண்டு மட்டும் வரவில்லை. புது போர்டின் சவுண்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் 98-க்குக் கிடையாது. பத்திரிகை அடிக்கச் சவுண்டு எதற்கு? ஆனால் பாகங்களின் பட்டியலில், பழுதைக் காட்டும் மஞ்சள் குறி ஒன்று மிச்சமிருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. எரிந்த பெட்டியிலிருந்து பழைய சவுண்டு கார்டைப் பிடுங்கி மாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை பெட்டி முழுசாக எழுந்தது. ஸ்பீக்கரில் ஓர் ஆண் செருமினார். "சாப்ட்டியா? சாப்ட்டு உக்காரு."

திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அறையில் என்னைத் தவிர யாருமில்லை. விண்டோஸ் திறக்கும்போது வரும் இசைக்குப் பதிலாக அந்தக் கணவர் தன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகராது, அக்காவால் வர முடியவில்லை. எனக்கோ கை சும்மா இருக்கவில்லை. எங்கள் கடையிலிருந்து போகும் எந்தப் பெட்டிக்கும் திரையில் மலைப் படமும், திறக்கும்போது கோயில் மணியோசையும் வைத்துக் கொடுப்பது வழக்கம். ஊரில் கேட்டு வாங்குவார்கள். புருஷனை இழந்தவர் தினமும் காலையில் இந்தக் குரலைக் கேட்டால் தாங்குவாரா என்றும் தோன்றியது. உண்மையில் பயந்தவன் நான்தான். மணியோசைக் கோப்பை அதே பெயரில், அந்தக் குரலின் மேலேயே எழுதிவிட்டேன்.

அடுத்த நாள் அக்கா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானே ஆன் செய்தார். மணி அடித்தது. அது ஓய்ந்த பிறகும் காத்திருந்தார்.

"அவரு குரல் வருமே தம்பி?"

செய்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. அழிந்ததை மீட்கும் மென்பொருளை அவர் எதிரிலேயே ஓட்டினேன். இரைச்சல்தான் வந்தது. வேறெதிலும் அவர் குரல் இல்லையாம்.

"நீங்க அந்தக் குரலக் கேட்டீங்களா?"

"கேட்டேன்க்கா."

திரையிலிருந்த மலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவரு சொன்ன மாதிரியே ஒரு தடவ சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்தச் செருமல், 'சாப்ட்டு' என்பதில் இருந்த சின்ன இழுப்பு, எல்லாம் காதில் அப்படியே இருந்தது. இன்றும் இருக்கிறது. அந்த அக்காவுக்குக் கிடைக்க வேண்டியது என்னிடம் மாட்டிக்கொண்டு, நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்கிறது.