நான்கு முறை நின்ற கேரவன்

தவம் பெரியப்பா போய்விட்டார் என்று அப்பா தொலைபேசியில் சொன்னபோது நான் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பஸ்ஸுக்குள் இருந்தேன். காலையில் குளித்துவிட்டுக் கதிரையில் வந்து இருந்தாராம். பெரியம்மா தேத்தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம். "பகிடி விடாதேங்கோ அப்பா" என்றேன். எங்கள் குடும்பத்தில் பகிடி விடுகிறவள் நான்தான். அப்பாவுக்கு அது வராது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு "நல்லதா நாலு வரி எழுது பிள்ளை" என்று பெரியம்மா கேட்டார். நல்லதாக எழுத நிறைய இருக்கிறது. ஆனால் அவரை நினைத்தால் உங்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஆஸ்திரேலியக் கதைதான். செத்தவீட்டில்கூட இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. பிழைக்குச் சொந்தக்காரி நான்.

இரண்டு வருடத்துக்கு முன், அப்போது எனக்குப் பதினைந்து வயது. டார்வினில் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, வண்டிக்குப் பின்னால் கொழுவி, பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான் என்று ஐந்து பேரும் தெற்கு நோக்கிப் போனோம். வெளியே நாற்பது பாகை. சிவப்பு மண்ணில் ஆள் உயரத்துக்கு மேல் கறையான் புற்றுகள். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் கை கூப்பினார். "பெரியம்மா, இது கறையானுக்குக் கவுன்சில் குடுத்த ஃபிளாட். சாமிக்கு இன்னும் வீடு கிடைக்கேல்லை" என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பெரியப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உன்ரை வாய்க்குத்தான் முதல் பிரேக் போடோணும்" என்று சிரித்தார்.

எப்போதாவது எதிரே ஒரு வண்டி வரும். அதை ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார்.

"உவன் ஏன் விரல் காட்டுறான்?" என்று பெரியப்பா கேட்டார். மற்ற மூவரும் அப்போது நல்ல நித்திரை.

ஆளில்லாத ரோட்டில் அது ஒரு வணக்கம் என்று நான் வாசித்திருந்தேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "உங்கடை வண்டியிலை ஏதோ பிழை, இறங்கிப் பாருங்கோ எண்டு அர்த்தம் பெரியப்பா. இஞ்சத்தை வழக்கம்."

உடனே ஓரம் கட்டினார். துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கேரவனைச் சுற்றி வந்தார். டயர்களை உதைத்துப் பார்த்தார், கொழுக்கியைத் தொட்டுப் பார்த்தார். நான் பின் சீட்டில் குனிந்து, சத்தம் வராமல் சிரித்தேன்.

நான்கு முறை நின்றோம். மூன்றாவது முறை அப்பா பொறுமை இழந்து, "அண்ணை, விடுங்கோ, ஒண்டும் இராது" என்றார். பெரியப்பா சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது: "நூறு பேரிலை ஒருத்தன் உண்மையாச் சொன்னா? வண்டிக்குள்ளை ஆக்கள் இருக்கினம்." நான்காவது முறை ஏறியபோது அவருடைய உள்ளங்கை சிவந்திருந்தது. கொழுக்கியின் இரும்பு சுட்டிருக்கிறது. "சும்மா சூடுதான்" என்று கையைச் சாரத்தில் துடைத்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

அடுத்த பெற்றோல் நிலையத்தில் பெரியப்பா அங்கிருந்தவரிடம் இந்த வழக்கத்தைப் பற்றி விசாரித்தார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அது வெறும் ஹலோ என்றார். பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். மாட்டிவிடப் போகிறார் என்று காத்திருந்தேன். "எனக்குத்தான் விளங்கேல்லை" என்றார். வண்டியில் ஏறியதும், எப்போதும் போல, "பெல்ட் போட்டாச்சோ எல்லாரும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். தப்பிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

லண்டனுக்குத் திரும்பியதும் கதை நகரத்தின் மறுகோடியில் உள்ள குட்மேய்ஸ் வரை போனது. 'விரல் தவம்' என்று பெயரும் வந்தது. நானும் பிறந்தநாள் விழாக்களில் அவர் நடையை நடித்துக் காட்டினேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

போன வருடம் மோர்டனில் இருந்து ஒரு கலியாணத்துக்கு மினிபஸ் பிடித்தோமே, நினைவிருக்கிறதா? பெரியப்பா ஓட்ட ஆசைப்பட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வேண்டாம் அண்ணை, ஆராவது விரல் காட்டினா நடு மோட்டர்வேயிலை நிப்பாட்டிப் போடுவியள்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டி இந்த நகரத்தையே ஏற்றி இறக்கியவர், தானும் சிரித்துக்கொண்டே திறப்பைக் கொடுத்தார். பிறகு என் பக்கத்து சீட்டில் வந்து அமர்ந்து, "ரோல்ஸ் இன்னும் கிடக்கோ பிள்ளை?" என்றார். என் வாய் நிறைய ரோல்ஸ் இருந்தது. ஓயாத என் வாய்க்கு அன்றைக்கு மட்டும் பிரேக் பிடித்தது.

மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருடம் இருந்தது. கேட்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்: பெரியப்பாவுக்கு எதுவும் விளங்காமல் போகவில்லை. நான் பொய் சொன்னேன், அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இனி அந்தக் கதையைச் சொல்வதென்றால் என் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது நான் கார் ஓட்டப் பழகுகிறேன். ஏறுவதற்கு முன் காரை ஒருமுறை சுற்றி வந்து நான்கு டயர்களையும் உதைத்துப் பார்க்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். பழக்குகிறவர் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இந்த முறை என்னைப் பார்த்துத்தானே சிரிக்கிறார்.