வெள்ளிக்கிழமைத் தட்டுகள்

முனைவர் கனகேஸ்வரி, நாள்தோறும் ஆயர் ஈத்தாம் என்ற ஊரிலிருந்து பேருந்தில் பல்கலைக்கழகம் சென்று புற்றுநோய் உயிரணுக்களை, அதாவது செல்களை, ஆராய்ந்தவர். உடலின் அணுக்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. அப்பிடியை முற்றிலும் இழந்த அணுவே பிரிந்துசென்று நோயைப் பரப்புகிறது என்பது அவர் கொள்கை. அதை மெய்ப்பிக்கும் கட்டுரை 1984 மார்ச் இறுதிக்குள் இலண்டன் ஆய்விதழைச் சேர வேண்டும். இணைப்பேராசிரியர் பதவியும் அதையே நம்பியிருந்தது.

ஆனால் பதிவேடு உறுத்தியது. தட்டில் வளர்ந்த புற்றணுக்களை நொதிநீரில் ஊறவைத்துப் பெயர்த்து, குழாயிலிட்டுக் குலுக்குவது வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் அவை, கொள்கைப்படியே, தனித்தனியே மிதந்தன. பிற நாள்களில் கட்டிகளாகத் திரண்டன. வெள்ளிக்கிழமைகளில் ஆய்வக உதவியாளர் இஸ்மாயில் தொழுகைக்குச் செல்வதால், அன்று தட்டுகளைக் கையாள்பவர் அம்மையாரே. ஆகவே ஐயம் முழுவதும், பிற நாள்களில் அவற்றைக் கையாண்ட இஸ்மாயில்மீது விழுந்தது. அவர் புட்டிகளை அம்மையார் முகர்ந்து பார்த்தார். மூடிகளில் பென்சிலால் இரகசியக் குறியிட்டார். குற்றம் எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே ஐயத்தை வளர்த்தது.

ஒரு புதன்கிழமை அம்மையார் ஓசையின்றி இஸ்மாயிலின் பின்னால் போய் நின்றார். ஐந்தே நிமிடத்தில் இஸ்மாயில் தட்டை நொதிநீரிலிருந்து எடுத்துவிட்டார்.

“பாதி செல் தட்டுலயே ஒட்டிக்கிட்டிருக்கு. என்ன அவசரம், பசார்ல கடைய மூடிருவானா?”

“வந்தது போதும்லா, டாக்டர். நீங்க எவ்வளவு நேரம் வைப்பீங்க?”

“கடைசி செல் வர்ற வரைக்கும். இருபது நிமிஷம். ஒண்ணையும் வீணாக்க மாட்டேன்.”

இஸ்மாயில் சிரித்துவிட்டார். “ரொம்ப ஊறுனா, செல்லு பிடிச்சுக்கிற கையையே அந்தத் தண்ணி தின்னுரும். பழைய டாக்டர் சொல்லிக் குடுத்தது. மூணு மாசமா என் பாட்டில மோந்து பாத்தீங்களே, ஒங்க கடிகாரத்தப் பாத்தீங்களா?”

அம்மையார் நோயற்ற அணுக்கள் வளர்ந்த இரண்டு தட்டுகளைக் கொணர்ந்து, ஒன்றை ஐந்து நிமிடமும் மற்றதை இருபது நிமிடமும் ஊறவைத்தார். முதல் தட்டின் அணுக்கள் திரண்டன. இரண்டாவதில் நோயற்ற அணுக்களும் புற்றணுக்களைப் போலவே தனித்து மிதந்தன.

மறுநாள், அனுப்பவிருந்த கட்டுரையை நிறுத்திக்கொண்டார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. எல்லாவற்றையும் ஐந்து நிமிடக் கணக்கில் மீண்டும் செய்ய இரண்டாண்டுகள் ஆயின. புற்றணுக்களின் பிடி அற்றுப்போகவில்லை. சற்றே தளர்ந்திருந்தது, அவ்வளவே. அந்தச் சிறிய முடிவு வெளியானபோது, இஸ்மாயிலின் பெயரும் உடன் இருந்தது.

“என் பேரு எதுக்கு டாக்டர்?”

“தப்பு வந்தா நீயும் சேந்து மாட்டணும், தம்பி.”